பார்க்காத படத்துக்கு நற்சான்று

நான் பார்க்காத ஒரு படத்துக்கு, பார்த்தவனைப் போல நற்சான்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே கடை முத்திரையும் குத்தி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எட்டு வருஷம் பிடித்தது. படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்; படிக்காத புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை. அந்தப் பழக்கத்தில் செய்த காரியம்.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பண்டாரவளையில் இறங்கி, மாட்டு வண்டியில் குலுங்கி வந்து, முதல் இரண்டு நாள் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசுவார்கள். சீமையில் பெரிய யுத்தம் முடிந்து இரண்டொரு வருஷம் இருக்கும். கடைத்தெருவில் எங்களுக்கு ஜவுளிக்கடை. அப்பா முன்னால் உட்கார்ந்து துணி விற்பார். நான் பின்னால் உட்கார்ந்து வாசிப்பேன். ஊரில் எனக்குப் 'படித்தவர்' என்று பெயர். துணி விற்கத் தெரியாதவர் என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது என்று புரிய எனக்கு நாற்பது வயதாயிற்று.

அந்த வருஷம் மழை சற்று விட்டிருந்தபோது ஒரு படக்காரர் வந்து சேர்ந்தார். திருச்சிப் பக்கத்து மனிதர். அவருடைய ஊர் அப்பாவின் ஊரிலிருந்து மூன்று கல் தொலைவு. அந்த மூன்று கல்லை உறவாக வைத்துக்கொண்டு எங்கள் கடையின் பின்கட்டில் ஒரு மாதம் தங்கினார். அவரிடம் கையால் சுற்றும் ஓர் இயந்திரம், கார்பைட் போட்டு எரிக்கும் விளக்கு, தகர டப்பாக்களில் சில படச்சுருள்கள். யானை குளிப்பது, கப்பல் புறப்படுவது, சீமை ராஜா குதிரையில் போவது. எல்லாம் ஒன்றிரண்டு நிமிஷப் படங்கள். கடைசி டப்பாவில் மட்டும் கொஞ்சம் நீளமான படம் ஒன்று இருந்தது. அதில் மனிதர்களே இல்லை. ஒரு கை வந்து வெள்ளைத் தாளில் மையால் ஒரு குண்டு மனிதனை வரையும். கை போனதும் அந்த மனிதன் தானாக எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடப்பான்.

"வரைஞ்ச பொம்மை, முதலாளி. அதுவா நடக்குது, ஓடுது. புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்," என்றார் படக்காரர்.

தொப்பியைச் சரிசெய்தது வரைக்கும்தான் நான் பார்த்தேன். அந்த நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். தொப்பி வரைக்கும் பார்த்ததைப் பார்த்ததாகக் கணக்கில் சேர்க்க எந்த நியாயஸ்தலமும் ஒப்பாது.

மறுவாரம் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பெரிய கங்காணி கடைக்கு வந்தார். அந்தத் தோட்டத்துச் சனங்களை இந்தியாவிலிருந்து கூட்டி வந்தவர் அவர்தான். வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு தேயிலைச் செடிக்கு. சனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கங்காணியின் உத்தரவு. தலையில் சரிகைப் பாகை, உடம்பில் கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் கோட்டு. கோட்டு எங்கள் கடைத் துணி. அன்று அவரோடு ஓர் அம்மாளும் வந்திருந்தாள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். தொட்டில் துணி வாங்க வந்தவள். துணியின் இரண்டு முனையையும் பிடித்து, அது ஏதோ தப்புச் செய்ததைப் போல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படக்காரர் இதுதான் சமயம் என்று கங்காணியிடம் தோட்டத்தில் படம் காட்ட அனுமதி கேட்டார்.

"காட்டுங்க. ஆம்பளைங்களுக்கு," என்றார் கங்காணி.

அந்த அம்மாள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "போன வருசம் கூத்து வந்துச்சு, ஆம்பளைங்களுக்கு. அதுக்கு முந்தி வித்தைக்காரன் வந்தான், அதுவும் ஆம்பளைங்களுக்கு. கொழுந்துக்கூடை மட்டும் பொம்பளைங்களுக்கு."

"கடையில நின்னுக்கிட்டு என்ன பேச்சு இது?"

"கடையிலதாங்க பேச முடியுது. தோட்டத்துல நீங்க ஒரு எடத்துல நிக்கிறதில்லையே."

"அந்தக் கூத்துல கோமாளி என்ன பேசுனான்னு தெரியுமா உனக்கு? பொம்பளைங்க காதுல விழுற பேச்சா அது?"

"தெரியுங்க. மறுநா விடியக்காலம் என் காம்பராவுல அத்தனை புள்ளையும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அப்பன்மாரு வீட்டுக்கு வந்து ஒப்பிச்சிருக்காங்க."

கங்காணி சிரிக்கவில்லை. ஆனால் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். "குடும்பத்தோட உக்காந்து பாக்குற மாதிரி இருந்தா நான் ஏன் வேணாங்கிறேன்? அப்படித்தான் இருக்கும்னு யாரு பொறுப்பேத்துக்கிறது?"

என்னை யாரும் கேட்கவில்லை. யாரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானாகப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "நான் பொறுப்பு," என்றேன்.

"எழுதிக் குடுப்பீங்களா, சின்ன முதலாளி?"

எழுதுவது என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் என் கை என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கேயே தாளை எடுத்து எழுதினேன். இன்றைக்கும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. மறக்கத்தான் முயன்று வருகிறேன். 'இப்படத்தில் வருவன யாவும் வெறும் கோடுகள். கோட்டுக்கு உடம்பு இல்லை. உடம்பு இல்லாததற்கு ஆசை இல்லை. ஆசை இல்லாததில் ஆபாசம் இருக்க வழியில்லை. ஆகையால் தாய்மாரும் மழலைகளும் கூசாமல் கண்டு களிக்கத் தக்கது.' எழுதி முடித்து உரக்க ஒருமுறை வாசித்தும் காட்டினேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

கங்காணி தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். "சரி. ஞாயித்துக்கெழமை மத்தியானம். துரைகிட்ட சொல்லி ஸ்டோர் மாடியைக் கேட்டு வாங்குறேன். நீங்களும் வந்து கூட இருந்து வெளக்கம் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. கூடாதது ஒண்ணு கண்ணுல பட்டுச்சோ, அதோட சரி. நான் இருக்கிற வரைக்கும் என் லயத்துல பொம்பளைக்கும் புள்ளைக்கும் எந்த வேடிக்கையும் கெடையாது."

அந்த அம்மாள் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "நாப்பது புள்ளைங்க இருக்கு, சின்ன முதலாளி. இன்னைக்கே போய்ச் சொல்லிருவேன். அப்புறம் இல்லேன்னு ஆச்சுன்னா அதையும் நான்தான் சொல்லணும்."

"பயப்படாதீங்க," என்றேன்.

அன்று மாலையே கடைக் கதவைச் சாத்தி, பத்து முழம் மல் துணியைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, படக்காரரை முழுப் படத்தையும் காட்டச் சொன்னேன். விளக்கம் எழுதப் பார்க்க வேண்டுமே என்பதற்காகத்தான்.

தொப்பியைச் சரிசெய்த குண்டு மனிதன் தன் நாயோடு கொஞ்ச தூரம் நடந்தான். நாய் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடிற்று. அது வரைக்கும் சரி. அடுத்து நேராகச் சாராயக்கடைக்குள் போனான். போத்தல் போத்தலாகக் குடித்தான். ஒவ்வொரு போத்தலுக்கும் மூக்கு ஓர் அங்குலம் பெருத்தது. நாயும் குடித்தது. பிறகு நாயும் அவனும் ஒரு பறவையோடு சண்டை போட்டார்கள். அது நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு மதிலேறிக் குதித்து, துணி உலர்த்திக்கொண்டிருந்த அயல் வீட்டுக்காரியை அணைத்து முத்தமிட்டான். புருஷன் வந்தான். இவன் ஓடிப்போய் ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்தான். பீப்பாய்க்குள் ஏற்கெனவே ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து நின்றாள். அவளை வரைகிற நேரம் பார்த்துக் கைக்கு மை தீர்ந்துபோயிருக்க வேண்டும். துணி வரைய மிஞ்சவில்லை. கடைசியில் ஒரு பெரிய பஞ்சு வந்து எல்லோரையும் துடைத்துவிட்டது. முடிவு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

"இதைப் பாத்தா புள்ளைங்க சிரிக்கும்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சிரிச்சுச்சுங்களே, கண்டியில. பெரியவங்களும் சிரிச்சாங்க. புள்ளைங்க ஒரு எடத்துல, பெரியவங்க வேற எடத்துல."

"கத்தரியால அந்த எடத்தையெல்லாம் வெட்டிருங்க."

"சுருள் என்னுதில்லைங்க, முதலாளி. ஒரு சாண் கொறைஞ்சாலும் கொழும்புக்காரரு மொழம் போட்டு அளந்து கண்டுபிடிச்சுருவாரு."

"அப்ப இந்தப் படமே வேணாம்."

"நீங்க எழுதிக் குடுத்ததே இந்தப் படத்துக்குத்தானுங்களே."

அதுவும் உண்மை. 'வரைந்த பொம்மை நடக்கிறது' என்ற செய்தி இதற்குள் நமுனுகுலவுக்கு ஏறிப் போயிருக்கும். கங்காணியிடம் போய், பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க நான் செலவழித்த மூளையைத் துணி வியாபாரத்தில் செலவழித்திருந்தால் அப்பா இன்னும் நாலு வருஷம் உயிரோடு இருந்திருப்பார்.

இருவரும் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். இயந்திரத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் விளக்குச் சூட்டில் சுருள் தீப்பிடிக்கும். ஆனால் சுற்றிக்கொண்டே ஒரு கையால் கண்ணாடியை மறைக்கலாம். எப்போது மறைப்பது என்று படக்காரர் என்னைத்தான் கேட்க வேண்டும். அவர் கூட்டத்துக்குப் பின்னால், நான் திரைக்குப் பக்கத்தில், என் அருகில் கங்காணி. ஆகவே ஜாடையாக இருக்க வேண்டும். நான் ஒருமுறை இருமினால் மறைப்பது. இரண்டு முறை இருமினால் திறப்பது. அரைகுறையாக ஏதாவது தெரிந்துவிட்டால் அதை என் விளக்கம் பார்த்துக்கொள்ளும். கடைப் பின்கட்டில் மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். ஒரு தப்பும் வரவில்லை. பீப்பாய் மூடிக்கொண்டது, பறவை திறந்துகொண்டது. உலகத்தில் எல்லா ஆபாசத்தையும் ஓர் இருமலில் தீர்த்துவிடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. வண்டி போகும் பாதை தோட்டத்து எல்லையோடு முடிந்தது. அதற்கு மேல் இரண்டு கல் ஏற்றம். மலைமேல் மழை விட்டபாடில்லை. என் முழங்கால் அந்த வயதிலேயே என்னைவிட மூத்ததாக இருந்தது. இயந்திரத்தைத் தலையில் வைத்திருந்த படக்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். குடையை மட்டும் வைத்திருந்த நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன்.

ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. அதன் மேல்மாடியில்தான் பச்சைக் கொழுந்தை வாடப் போடுவார்கள். ஞாயிறு ஆகையால் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. ஜன்னல்களையெல்லாம் சாக்கால் மூடி, பகலை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். என் பத்து முழ மல்லைக் குறுக்கே கட்டினோம். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்த துணி. நடுவில் ஒரு தையல் ஓடிற்று. முன்வரிசையில் பிள்ளைகள், நடுவில் அந்த அம்மாள், மடியில் ஒன்று, முதுகில் ஒன்று. அவர்களுக்குப் பின்னால் பெண்கள். எண்ணெய் தடவி, பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்ததைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் சுவரோரமாக நின்றார்கள். தங்கள் சொத்தில் யாரோ பங்கு கேட்டு வந்துவிட்டதைப் போல ஒரு முகம் அவர்களுக்கு.

யானை குளித்தது. கப்பல் புறப்பட்டது. சீமை ராஜா குதிரையில் போனார். "இவரு எந்தத் தோட்டத்துத் துரை?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் விளக்கினேன். கங்காணி தலையை ஆட்டினார். எல்லாம் நான் எழுதிக் கொடுத்தபடியே நடந்தது.

கை வந்து குண்டு மனிதனை வரைந்தது. அவன் எழுந்து தொப்பியைச் சரிசெய்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பிற்று. சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு நாற்பது பேர் ஒரேயடியாக விட்டதைப் போல. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. இத்தனைக்கும் காரணம் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாய் தொப்பியைக் கவ்வியது. சுவரோரம் ஒரு பெரியவர் இருமினார். திரை இருண்டது.

விளக்கில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. தேயிலை ஸ்டோரில் வருஷம் முழுக்கத் தூள் சலிக்கிறார்கள். அந்தப் பஞ்சு போன்ற தூசி உத்தரத்திலும் பலகையிலும் சாக்கிலும் அடைந்து கிடக்கிறது. இருநூறு பேர் ஏறி வந்து உட்கார்ந்ததில் அத்தனையும் எழும்பி நின்றது. வந்திருந்தவர்கள் மழையிலும் பனியிலும் வேலை செய்கிறவர்கள். நெஞ்சில் சளி இல்லாத ஆள் அங்கே நானும் கங்காணியும்தான். இலங்கையிலேயே இருமலை ஜாடையாக வைத்துக்கொள்ளக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால், நான் அதைத் தேடி இரண்டு கல் ஏறி வந்திருந்தேன்.

இருட்டில் ஒரு பிள்ளை இரண்டு முறை இருமியது. திரை திறந்தது. சாராயக்கடை.

நான் ஒருமுறை இருமினேன். அதே நேரத்தில் பின்னால் ஒருத்தி இருமினாள். படக்காரர் இரண்டு என்று எண்ணிக்கொண்டார். திரை திறந்தே இருந்தது. மறுபடி இருமினேன், மூன்று பேர் கூட இருமினார்கள். போத்தல் போத்தலாக உள்ளே போயிற்று. மூக்கு பெருத்துக்கொண்டே வந்தது. கங்காணி மெல்ல என் பக்கம் திரும்பினார்.

இனி விளக்கம்தான் கதி. "பாவம், இந்த மனிதருக்குக் கடும் மலைக்காய்ச்சல்," என்று உரக்கச் சொன்னேன். "ஆஸ்பத்திரி மருந்து குடிக்கிறார். கசப்பு மருந்து. அதனால்தான் தலை சுற்றித் தள்ளாடுகிறார்."

முன்வரிசையில் ஆறேழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று, யாருக்கோ ஆறுதல் சொல்கிற குரலில் சொல்லிற்று: "எங்கப்பாவுக்கும் இதே காய்ச்சல்தான். சம்பளத்தன்னைக்கு மட்டும் வரும்."

முதலில் பெண்கள் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சுவரோரம் ஓர் ஆள் மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் கையில் இருந்த விளக்கத் தாளைப் பார்த்தேன். இருட்டில் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

லயத்து வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே அறை. அதில்தான் அடுப்பு, அதில்தான் படுக்கை, அதில்தான் பிரசவம், அதில்தான் சாவு. நடுவில் மறைப்பு என்றால் ஒரு பழைய சேலை. அதுவும் எங்கள் கடைச் சேலை. எட்டுப் பேர் இருக்கிற அந்த அறையில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் எது நடக்கும்? அவர்களுக்குக் குடிகாரனைத் தெரியாது என்று நம்பி ஒருவன் பதுளையிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு அந்த இடத்திலேயே அலுத்துவிட்டது. எழுந்து வெளியே போய் மழையில் நின்றுவிடலாமா என்று தோன்றிற்று. ஆனால் படம் ஓடிக்கொண்டிருந்தது.

சிரித்ததில் தூசி இன்னும் கிளம்பிற்று. இருமல் வலுத்தது. பறவைச் சண்டை முழுவதும் மூடிப்போயிற்று. மதில் ஏறும்போது சரியாகத் திறந்துகொண்டது. குண்டு மனிதன் அயல் வீட்டுக்காரியை நோக்கிப் போனான். நான் முந்திக்கொண்டு, "இந்த அம்மாள் அவருடைய தங்கை. நலம் விசாரிக்கப் போகிறார்," என்றேன்.

அவன் விசாரித்தான். நீளமாக விசாரித்தான்.

"அண்ணனுக்கு ரொம்பப் பாசம்," என்றது சுவரோரம் ஒரு குரல்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது வெறும் முத்தமாகப் போயிருக்கும். அதற்கு மேல் ஒரு பாவத்தை ஏற்றி வைத்தவன் நான்தான். கங்காணியின் நாற்காலி கிறீச்சிட்டது. திரையில் பீப்பாய் வந்தது. குண்டு மனிதன் உள்ளே குதித்தான். பீப்பாய் ஆடிற்று. உள்ளே யாரோ அசைகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கங்காணி எழுந்துவிட்டார். இரண்டடி எடுத்து வைத்துத் திரைக்கு முன்னால் நடுவில் நின்று, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கையைத் தூக்கினார். படத்தை நிறுத்தச் சொல்லத்தான்.

பீப்பாய்க்குள் இருந்தவளும் அதே கணத்தில் எழுந்தாள். என்னுடைய மல் துணியில் அவள் விழவில்லை. இடையில் கங்காணி நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, நல்ல கெட்டித் துணி, தையல் இல்லாத அகலமான நெஞ்சு. அன்று அந்த மாடியில் அதைவிடச் சிறந்த திரை வேறு இல்லை. வயிற்றில் பீப்பாய், அதற்கு மேல் அவள், பாகைக்குக் கீழே அவளுடைய தலை. ஒவ்வொரு கோடும் தெளிவாக இருந்தது. கங்காணி மூச்சு விட்டபோது அவளும் மூச்சு விட்டாள்.

யாரும் இருமவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் ஓரிடத்தைப் பார்ப்பதைக் கண்டு கங்காணி மெதுவாகக் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு ஒருமுறை கனைத்தார்.

படக்காரர் கண்ணாடியை மூடினார். அந்தக் கனைப்பு ஒன்றுதான் அன்று முழுவதும் சரியான இடத்தில் வந்தது.

சாக்குகளை விலக்கினார்கள். வெளிச்சத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கங்காணி கோட்டுப் பையிலிருந்து என் நற்சான்றை எடுத்துப் பிரித்தார்.

"இது உங்க எழுத்துதானுங்களே?"

"ஆமாங்க."

"கோட்டுக்கு ஆசை இல்லேன்னு எழுதியிருக்கீங்க."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். என்ன சொல்லப் போகிறார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாள் எழுந்தாள். முதுகில் இருந்தது தூங்கிவிட்டிருந்தது. "கங்காணி ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"என்ன?"

"கூடாதது கண்ணுல பட்டா இனிமே கெடையாதுன்னு சொன்னீங்க. நான் முன்னாலதான் உக்காந்திருந்தேன். துணியில எனக்குப் பீப்பாதாங்க தெரிஞ்சுச்சு. அப்பாலக்கி நீங்க வந்து மறைச்சுட்டீங்க. துணியில வேற ஒண்ணும் நாங்க பாக்கலைங்க."

"அப்ப வேற எதுல பாத்தீங்க?"

அவள் அவருடைய கோட்டைப் பார்த்தாள். பொத்தான் பொத்தானாகக் கீழே வரைக்கும் பார்த்தாள். "சொல்லச் சொல்றீங்களா?"

"வேணாம்," என்றார் கங்காணி.

நான் எத்தனையோ வாதங்களை வாசித்திருக்கிறேன். அவ்வளவு சுருக்கமான ஒன்றை வாசித்ததில்லை. கூடாதது நடந்தது என்று அவர் விதித்தால், எங்கே நடந்தது என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொள்ளும். அவர் நற்சான்றைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வெச்சுக்கிடுங்க." பிறகு பொதுவாகச் சொன்னார்: "அடுத்த தரம் படம் வரட்டும். எல்லாரும் வாங்க, புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு. வெளக்கம் வேணாம்."

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. படக்காரர் இயந்திரத்தைச் சாக்கால் மூடித் தலையில் ஏற்றிக்கொண்டார். வண்டியில் ஏறின பிறகு, "நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேனுங்க, முதலாளி. பதினேழு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் விட்டுட்டேன்," என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கப் போகிற ஆள் எண்ணிக்கையைக் கையில் வைத்திருக்க வேண்டும். நான் பதினேழுக்கு முன்னாலேயே விட்டுவிட்டேன்.

இப்போது ரயில் பதுளைக்கே வருகிறது. படங்களும் அடிக்கடி வருகின்றன. என் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 'இது குழந்தைகளுக்கு ஏற்றதுதானா, நீங்கள் சொல்லுங்கள்' என்று இன்னமும் யாராவது என்னிடம் வந்து கேட்கிறார்கள். தலைவலி என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கிறது.

அந்த நற்சான்று வெகு நாள் மேஜை இழுப்பறையில் கிடந்தது. ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மாள் மறுபடியும் தொட்டில் துணி வாங்க வந்தாள். வேறொரு படக்காரர் வந்து போனாராம். ஸ்டோர் மாடியில், எல்லோரும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்களாம். கங்காணி கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாராம்.

"விளக்கம் இல்லாமல் பிள்ளைகளுக்குப் புரிந்ததா?" என்று கேட்டேன். ஓர் ஆசைதான்.

"நல்லா வெளங்குச்சுங்க," என்றாள், துணியை இழுத்துப் பார்த்துக்கொண்டே. "ஆனா காய்ச்சக்காரரு ஏன் வரலைன்னு எல்லாப் புள்ளையும் கேட்டுச்சு. படத்துல வந்தவரு இல்லைங்க. பக்கத்துல நின்னு பேசுனவரு."